சாதாக்கெண்டைத் தீவனத்தில் எண்ணெய்: எது, எவ்வளவு, எந்தக் குளிரில்?

மேல்மலைப் பூண்டுக்காரன் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு ஆகியவை எங்கள் பயிர்கள். கோடையில் பாசனத்துக்கு உதவும் என்று வெட்டிய பண்ணைக்குட்டையில், அடியில் கருப்பு பிளாஸ்டிக் தாள் விரித்து, சென்ற ஆனி மாதம் 600 சாதாக்கெண்டை விரலிகளை, அதாவது விரல் நீளக் குஞ்சுகளை, விட்டோம். மீன் வளர்ப்பு எங்கள் வீட்டில் இதுதான் முதல்முறை.

தீவனத்தை நாங்களே தயாரிக்கிறோம். வத்தலக்குண்டு ஆலையிலிருந்து வரும் அரிசித் தவிட்டையும், மரச்செக்கில் கிடைக்கும் கடலைப் பிண்ணாக்கையும் சம அளவில் எடுத்து, வெந்நீரில் பிசைந்து, உருண்டையாக உருட்டித் தட்டில் வைத்து இறக்குகிறோம். ஐப்பசி வரை மீன்கள் நன்றாகவே தின்றன, நன்றாகவே வளர்ந்தன. குளிர் தொடங்கியபோது, எண்ணெய் சேர்த்தால் மீனுக்குச் சூடும் கொழுப்பும் கிடைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு கிலோ தீவனத்துக்கு 50 மில்லி வீதம் பாமாயில் ஊற்றத் தொடங்கினேன். அதோடு, சித்திரையில் ஒரு வியாபாரியிடம் வாங்கி, பாதி தீர்ந்த நிலையில் தகரக் கொட்டகையில் கிடந்த ஒரு கேன் மத்தி எண்ணெயையும் வாரத்துக்கு இரண்டு முறை கலந்தேன். அந்த எண்ணெயில் மீன் வாடையைத் தாண்டிய ஒரு நெடி இருந்தது. மீன் எண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து தட்டில் தீவனம் மிஞ்சுகிறது. மூன்று வாரங்களில் 11 மீன்கள் இறந்துவிட்டன. அவற்றில் நான்கை அறுத்துப் பார்த்தேன். குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு பஞ்சுபோல் மூடியிருந்தது. அதைத் தொட்ட விரலில் மெழுகுபோல் ஒட்டி இறுகியது. கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறிய மஞ்சளாக இருந்தது. உயிரோடிருக்கும் மீன்களிலும் ஏழெட்டுக்குத் தலை பெரிதாகவும், முதுகு கத்தி முனைபோல் மெலிந்தும் தெரிகிறது. தண்ணீரின் வெப்பம் காலையில் 11 டிகிரி, பிற்பகலில் 15 டிகிரி.

எண்ணெய்தான் காரணமா, அல்லது குளிரா? எண்ணெயை முற்றிலும் நிறுத்த வேண்டுமா, வேறு எண்ணெய்க்கு மாற வேண்டுமா? பெரிய மீன்கள் சிலவற்றை அடுத்த ஆண்டு குஞ்சு எடுப்பதற்காக வைத்துக்கொள்ளவும் எண்ணியிருந்தேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.


குந்தாக்கரை – பதில்

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீலகிரியில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் தொட்டிகளோடு வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். டிரவுட் வேறு, கெண்டை வேறு. ஆனால் குளிர்ந்த நீரில் கொழுப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை டிரவுட்டைப் போல் தெளிவாகக் காட்டும் மீன் வேறில்லை.

இந்த மலைகளுக்கு டிரவுட் எளிதில் வந்து சேரவில்லை. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களில் எடுத்த முயற்சிகள் தோற்றன. மீன்வளர்ப்பு வல்லுநர் வில்சன் 1907-ல் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. உங்கள் சாதாக்கெண்டையும் மலைக்குப் புதியதல்ல. அதன் ஒரு வகையான ஜெர்மானியக் கெண்டையை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். ஆகவே மலையில் கெண்டை வாழாது என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். வாழும், வளர்ச்சிதான் மெதுவாக இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓடைத்தண்ணீரில் டிரவுட் வளர்த்த ஒரு தனியார் பண்ணையில் சில மாதங்கள் உதவிக்குப் போயிருந்தேன். மீன்தூளும் மீன் எண்ணெயும் விலை ஏறிவிட்டதால், சோயாப் பிண்ணாக்கை முதன்மையாக வைத்து, மீன்தூளை மிகவும் குறைத்து, எண்ணெய்க்குச் சூரியகாந்தி எண்ணெயைச் சேர்த்துத் தீவனம் செய்தார்கள். முதல் இரண்டு மாதம் மீன் எடை ஏறியது. செலவு மிச்சம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாவது மாதத்தில் வால் துடுப்பின் ஓரம், எலி கடித்த துணிபோல் பிய்ந்து தேய ஆரம்பித்தது. தண்ணீரில் கோளாறு என்று நினைத்தோம், உப்புக் குளியல் கொடுத்தோம், பயனில்லை.

அதன்பின் ஒருநாள், சிறிது பெரிது பிரிப்பதற்காக வலையை இறக்கினோம். வலை பட்டவுடன் சில மீன்கள் பைத்தியம் பிடித்ததுபோல் வேகமாகச் சுழன்று நீந்தின. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் அசைய, மயங்கிக் கிடந்தன. அரை நிமிடத்தில் சில எழுந்தன, சில எழவில்லை. என் கையில் கிடந்த ஒரு மீன், அதன் கண்கூட அசையாமல் இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பிற்பாடு ஒரு மீன்வள அலுவலர் வந்து பார்த்து, இது கிருமி நோயல்ல, ஒமேகா-3 கொழுப்பு அமிலம் தீவனத்தில் போதாததால் வருவது என்றார். துடுப்பு அரிப்பு, அதிர்ச்சி மயக்கம், வெளிறி வீங்கிய ஈரல் என்று அவர் சொன்ன மூன்றும் எங்கள் மீன்களில் இருந்தன. நல்ல மீன் எண்ணெய் சேர்த்த தீவனத்துக்கு மாறிய பின், சில வாரங்களில் மயக்கம் நின்றது. துடுப்பு மெல்லத் தழைத்தது.

தீவனத்தில் எண்ணெய் இருந்தது, அளவும் குறைவில்லை. மீனுக்கு வேண்டிய எண்ணெய் அதுவல்ல, அவ்வளவுதான். அதனால்தான் "எண்ணெய் சேர்த்தால் நல்லது" என்று பொதுவாகச் சொல்லும் ஆலோசனையைக் கேட்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பாமாயிலை உடனே நிறுத்துங்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கரண்டி பாமாயிலைக் கிண்ணத்தில் ஊற்றி, இரவு குட்டைத் தண்ணீரில் மிதக்க விட்டு, விடியற்காலையில் எடுத்துப் பாருங்கள். கலங்கி, கெட்டியாகியிருக்கும். மீனின் உடம்பும் அந்தத் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கிறது. நமக்கு வயிற்றுக்குள் 37 டிகிரி. அதற்கு 11 டிகிரி. வெளியே உறைவது அதன் வயிற்றுக்குள் எப்படி நன்றாகச் செரிக்கும்?


மீன்தீவனம் படித்தவள், கோத்தகிரி – பதில்

குந்தாக்கரை ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் மீன் ஊட்டச்சத்துத் துறையில் ஆய்வு செய்தவள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். பூண்டுக்காரர் அண்ணாவின் குட்டையில் ஒரே நேரத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் நடந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை நிறுத்துவது, எதைச் சேர்ப்பது என்பது விளங்கும்.

முதலில் அளவு. எண்ணெய் சேர்ப்பதற்கு முன்பே உங்கள் தீவனத்தில் எண்ணெய் இருந்தது. எண்ணெய் எடுக்காத தவிட்டில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு உண்டு. மரச்செக்குப் பிண்ணாக்கில் 7, 8 சதவீதம் தங்கிவிடும். இரண்டையும் சமமாகக் கலந்தால் ஏறக்குறைய 11 சதவீதம். சாதாக்கெண்டைக்கு 5 முதல் 8 சதவீதமே போதுமானது. அதன்மேல் நீங்கள் கிலோவுக்கு 50 மில்லி ஊற்றியபோது அது 15 சதவீதத்தை எட்டியது. டிரவுட் மாமிசம் தின்னும் மீன். 15, 20 சதவீதக் கொழுப்பை அது எரிபொருளாக எரித்து, புரதத்தைத் தசை வளர்ச்சிக்கு மிச்சப்படுத்தும். கெண்டை அப்படியல்ல. அது மாவுச்சத்தையும் பயன்படுத்தத் தெரிந்த, எல்லாவற்றையும் தின்னும் மீன். அதற்கு மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலிலும்தான் போய்த் தங்கும். நீங்கள் அறுத்தபோது கண்ட வெள்ளைப் பஞ்சும் மஞ்சள் ஈரலும் இதைத்தான் காட்டுகின்றன. அதிலும் குளிரில் மீன் அசைவும் செரிமானமும் குறைந்த மாதங்களில் ஊற்றியிருக்கிறீர்கள். எரிக்க வழியில்லாமல் அது அப்படியே படிந்துவிட்டது.

இரண்டாவது, எண்ணெயின் வகை. இது கொஞ்சம் நீளமான செய்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த மீனாலும் லினோலிக் அமிலத்தையும் லினோலெனிக் அமிலத்தையும் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரண்டும் தீவனத்திலிருந்தே வர வேண்டும். முன்னது ஒமேகா-6 வரிசையின் தொடக்கம், பின்னது ஒமேகா-3 வரிசையின் தொடக்கம். நன்னீர் மீன்களின் ஈரலில் இவற்றை நீட்டி, மேலும் நிறைவுறாததாக, அதாவது குளிரிலும் எளிதில் உறையாததாக, மாற்றும் நொதிகள் உண்டு. அதனால் லினோலெனிக் அமிலம் கிடைத்தால் கெண்டையும் டிரவுட்டும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் நீண்ட ஒமேகா-3 அமிலங்களைத் தாமே ஓரளவு செய்துகொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறன் மிகக் குறைவு. அவற்றுக்கு மீன் எண்ணெயையோ பாசி எண்ணெயையோ நேரடியாகக் கொடுத்தாக வேண்டும்.

வானவில் டிரவுட்டுக்குத் தீவன எடையில் சுமார் 1 சதவீதம் லினோலெனிக் அமிலம் தேவை. சாதாக்கெண்டைக்கு லினோலிக் 1 சதவீதமும், லினோலெனிக் அரை முதல் 1 சதவீதமும் ஆக இரண்டுமே தேவை. கடலையிலும் தவிட்டிலும் லினோலிக் தாராளம். கடலை எண்ணெயில் லினோலெனிக் இல்லை என்றே சொல்லலாம், தவிட்டில் மிகக் கொஞ்சம். பாமாயிலில் இரண்டுக்கும் பஞ்சம். அதில் ஏறக்குறைய பாதி, உறையும் தன்மையுள்ள நிறைவுற்ற கொழுப்பு. மண் குட்டையாக இருந்தால் பச்சைப்பாசி, நீர்ப்பூச்சி, சேற்றுப்புழு ஆகியவற்றிலிருந்து மீன் தனக்கு வேண்டிய ஒமேகா-3-ஐத் தேடிக்கொள்ளும். சமவெளிக் குளங்களில் வெறும் தவிடும் பிண்ணாக்கும் போட்டு மீன் வளர்வதன் இரகசியம் அதுதான். உங்கள் குட்டையில் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறீர்கள்; குளிரில் பாசியும் மந்தம். ஆகையால் மீன் முழுக்க முழுக்க உங்கள் கையை நம்பியிருக்கிறது.

குளிரில் இந்தக் குறை ஏன் பெரிதாகிறது என்றால், மீனின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீர் குளிரும்போது அந்தச் சவ்வு விறைக்காமல் இளகியே இருக்க வேண்டும். அதற்காக மீன் தன் சவ்வில் நிறைவுறாத அமிலங்களைக் கூட்டிக்கொள்ளும். தீவனத்தில் அந்த அமிலம் இல்லாவிட்டால் எதை வைத்துக் கூட்டும்? செவுளும் குடலும் இதயமும் இதனால்தான் பாதிக்கப்படுகின்றன. அட்லாண்டிக் சால்மன் மீனுக்குச் சூரியகாந்தி எண்ணெயையே முதன்மையாகக் கொடுத்தபோது இதயத் தசையில் புண் உண்டானதை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். குந்தாக்கரை ஐயா கையில் மயங்கிக் கிடந்த மீனுக்கு இது தொலைவான செய்தியல்ல.

மூன்றாவது கோளாறைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். அந்த மத்தி எண்ணெய். ஒமேகா-3 நிறைந்த எண்ணெய்தான் மிக எளிதில் கெடும். எந்த அமைப்பு அதைக் குளிரில் உறையாமல் காக்கிறதோ, அதே அமைப்பில்தான் காற்றின் ஆக்சிஜன் வந்து தைக்கிறது. பாதி காலியான கேன், அதன்மேல் எட்டு மாதம், பகலில் வெயில் காயும் தகரக் கொட்டகை. நீங்கள் "மீன் வாடையைத் தாண்டிய நெடி" என்று எழுதியது சிக்கு வாடை. சிக்கடித்த எண்ணெய் மீனின் உடலிலுள்ள வைட்டமின் இ-யைத் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு தசை சிதையும், இரத்தம் குறையும், ஈரலில் பழுப்பு நிறக் கழிவு படியும்.

ஜப்பானில் கெண்டை வளர்த்தவர்கள் பட்டுக்கூட்டிலிருந்து எடுத்த கூட்டுப்புழுவைக் காயவைத்துத் தீவனமாகக் கொடுத்தபோது, அதிலுள்ள எண்ணெய் கெட்டு, மீன்களின் முதுகுத் தசை வற்றிப்போகும் நோய் வந்தது. முதுகு மெலிவு என்ற பொருளில் அதை அவர்கள் "செகோகே" என்றே அழைத்தார்கள். வைட்டமின் இ சேர்த்தால் அது தடுக்கப்படுவதையும் கண்டார்கள். கத்தி முனைபோல் மெலிந்த முதுகு என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பட்டினியாலும் முதுகு மெலியும் என்பது உண்மை. ஆனால் வயிற்றில் அவ்வளவு கொழுப்பு வைத்திருக்கும் மீன் பட்டினியால் மெலிந்தது என்று ஏற்க முடியவில்லை.

அந்தக் கேனைக் குட்டையிலோ ஓடையிலோ கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஓடாத இடத்தில் குழி வெட்டி, மரத்தூளில் ஊறவைத்துப் புதைத்துவிடுங்கள். வைட்டமின் இ மாத்திரை சேர்த்தால் அந்த எண்ணெயைத் திருத்திவிடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். நல்ல எண்ணெயைக் கெடாமல் காக்கத்தான் அது உதவும், கெட்டதை மீட்காது.

தவிட்டையும் கவனியுங்கள். நெல் தீட்டிய உடனே தவிட்டிலுள்ள நொதி அதன் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி, மூட்டையில் ஒரு மாதம் கிடந்த தவிடு உள்ளங்கையில் தேய்த்தால் புளித்து மணக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்க முடியாவிட்டால், எண்ணெய் நீக்கிய தவிட்டுக்கு மாறிவிடுங்கள். கொழுப்பின் அளவும் சரியாகும்.

இன்னும் ஒன்று. மூடுபனியில் கடலைப் பிண்ணாக்கு பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கும். 1960 வாக்கில் அமெரிக்க டிரவுட் பண்ணைகளில் ஈரல் புற்றுநோய் கொள்ளைநோய்போல் பரவியதற்குக் காரணம், தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைத் தூளில் இருந்த இதே நஞ்சு. டிரவுட்டுக்கு அந்த நோய் வர, தீவனத்தில் நூறு கோடியில் சில பங்கு நஞ்சு போதும். பருத்திக்கொட்டை எண்ணெயிலுள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம் அந்த நஞ்சின் வேகத்தை மேலும் கூட்டுகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. கெண்டை டிரவுட் அளவுக்கு மென்மையானது அல்ல. என்றாலும் பச்சையாகப் பூத்த பிண்ணாக்கை மேலாகச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டாம்.

இப்போதைக்கு, தண்ணீர் நாள் முழுதும் 12 டிகிரிக்குக் கீழேயே இருக்கும் நாட்களில் தீவனமே வைக்காதீர்கள். பிற்பகலில் 15 டிகிரியை எட்டும் நாட்களில் மட்டும், மீன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் போகாமல், எண்ணெய் சேர்க்காத புதிய தீவனத்தைக் கொடுங்கள். பதினைந்து இருபது நாள் பட்டினி கெண்டையைக் கொல்லாது.


குன்னூர் அடுப்படி – பதில்

நான் மீன் வளர்ப்பவள் அல்ல. விருந்தினர் விடுதியில் சமைப்பவள். தீவனத்து எண்ணெய் தட்டில் வந்து நிற்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் டிரவுட்டும் கெண்டையும் வாங்கும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் ஒருவரிடம் வாங்கும் கெண்டையைக் கழுவும்போதே கை வழுக்கும். வயிற்றுக் கொழுப்பு பிடிப்பிடியாக வரும். மிளகும் பூண்டும் எவ்வளவு அரைத்துப் பூசினாலும் வறுக்கும்போது பழைய எண்ணெய்ப் பாத்திரத்தின் வாடை எழும். அவர் பேக்கரியில் பலமுறை காய்ச்சி மிச்சமான எண்ணெயை வாங்கித் தீவனத்தில் கலக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். மீன் கொழுகொழுவென்று இருக்கிறதே என்றார். அதன்பின் அங்கே வாங்குவதில்லை. எடை ஏறுவதைப் பார்த்து மகிழும் வளர்ப்பவர்கள், மாதத்துக்கு ஒரு மீனையாவது தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.


மேல்மலைப் பூண்டுக்காரன் – தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குந்தாக்கரை ஐயா சொன்னபடி கிண்ணத்தில் பாமாயிலை மிதக்கவிட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் கிண்ணத்தின் அடியில் வெண்மையாகப் படிந்து, விரலால் வழிக்கும்படி இருந்தது. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதமாக அதைப் பிசைந்து கொடுத்தது அவள்தான்.

மத்தி எண்ணெய்க் கேனைக் காட்டோரம் புதைத்துவிட்டேன். தவிட்டு மூட்டையைப் பிரித்து முகர்ந்தேன். தங்கை சொன்ன புளிப்பு மணம் இருந்தது. ஆறு நாட்களாகத் தீவனம் வைக்கவில்லை. அதற்குப்பின் ஒரு மீன் இறந்தது. மற்றவை குட்டையின் ஆழத்தில் அமைதியாக இருக்கின்றன. முன்பு காலையில் குட்டை ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரியும். வெயில் பட்டதால் அப்படித் தெரிகிறது என்று இருந்தேன். இப்போது அது இல்லை; தீவனத்தில் ஒட்டாத எண்ணெய்தான் அப்படி மிதந்திருக்கிறது.

மாசி பிறந்து தண்ணீர் சூடேறிய பின் தீவனத்தை எப்படி மாற்றி அமைப்பது? ஒமேகா-3-க்கு மறுபடியும் மீன் எண்ணெய்தான் வாங்க வேண்டுமா? தாய்மீனுக்கென்று ஒதுக்குபவற்றுக்குத் தனித் தீவனம் வேண்டுமா? முதுகு மெலிந்த மீன்கள் தேறுமா?


மீன்தீவனம் படித்தவள், கோத்தகிரி – பதில்

அண்ணா, அண்ணியிடம் சொல்லுங்கள்: இது அவர்கள் கையின் குறை அல்ல. எண்ணெய் என்றாலே சத்து என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

கெண்டைக்கு மீன் எண்ணெய் கட்டாயம் இல்லை. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராம் சேர்த்தாலே அரை சதவீதத் தேவை நிறைவேறிவிடும். 50 மில்லி ஊற்றிய இடத்தில் 10 கிராம் போதும் என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். மரத்துக்குப் பூசுவதற்காக வண்ணப்பூச்சுக் கடைகளில் விற்கும் ஆளி எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். அதை மீன் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. உணவுக்கென்று செக்கில் ஆட்டியதை மட்டும் வாங்குங்கள். அதுவும் சீக்கிரம் கெடும் எண்ணெய்தான். கால் லிட்டர் அளவில், கரும்பழுப்புப் புட்டியில், கழுத்துவரை நிறைந்ததாக வாங்கி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். செம்பு, இரும்புப் பாத்திரங்களில் ஊற்றி வைக்காதீர்கள். அந்த உலோகங்கள் எண்ணெய் கெடுவதை விரைவாக்கும். எண்ணெயாக வைத்திருப்பது தொல்லை என்றால், முழு ஆளிவிதையை வாங்கி வைத்து, அன்றன்று வேண்டியதைப் பொடித்துச் சேருங்கள். விதையில் சுமார் 40 சதவீதம் எண்ணெய். கிலோ தீவனத்துக்கு 25 கிராம் பொடி சரியாக இருக்கும். முழு விதைக்குள் இருக்கும்வரை அந்த எண்ணெய் பத்திரமாக இருக்கும் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு நான் இதையே விரும்பிச் சொல்வேன். கடுகு எண்ணெயிலும் ஓரளவு லினோலெனிக் உண்டு. ஆனால் நம் நாட்டுக் கடுகில், நல்லதல்ல என்று கருதப்படும் எருசிக் என்னும் கொழுப்பு அமிலம் மிகுதி என்பதால் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

தவிட்டை எண்ணெய் நீக்கியதாக மாற்றுங்கள். மாவைப் பிசைந்து வேகவைத்து ஆறிய பிறகே ஆளிப்பொடியைச் சேர்த்து மறுபடி பிசையுங்கள். சூட்டில் போட வேண்டாம். மீன்களுக்கென்று விற்கும் வைட்டமின் கலவை கிடைத்தால், அதில் வைட்டமின் இ இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்; கெண்டைக்குக் கிலோ தீவனத்துக்கு சுமார் 100 மில்லிகிராம் தேவைப்படும். ஈரல் தேறுவதற்கு அது உதவும்.

முதுகு மெலிந்தவற்றில் தின்னும் ஆர்வம் உள்ளவை தேற வாய்ப்புண்டு. ஆனால் அவற்றைத் தாய்மீனாக வைக்காதீர்கள். முட்டையிலுள்ள மஞ்சள் கரு முழுவதும் தாயின் உடம்பிலிருந்து வருவது. குஞ்சு வாய் திறந்து இரை தேடும்வரை அதன் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. அந்தக் கருவில்தான் இருக்கிறது. விழித்திரையில் டி.எச்.ஏ. போதாத ஹெர்ரிங் என்னும் கடல்மீனின் இளம் குஞ்சுகள், மங்கிய ஒளியில் இரையைக் கண்டு பிடிக்கத் திணறின என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் மலையில் பாதிநாள் மூடுபனி. குஞ்சுக்கு மங்கிய ஒளிதான் வழக்கமான பகல். ஆகையால் தாய்மீனின் தீவனம் முட்டையிடும் வாரத்தில் திருத்தப்பட வேண்டியது அல்ல. பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியது.

இந்த ஆண்டு உங்கள் மீன்களின் கொழுப்பில் பாமாயிலும் சிக்கெண்ணெயும் படிந்துவிட்டன. வரும் கோடையில் தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டும்போது அவை முட்டையிட்டாலும் அந்த முட்டையை நம்பிக் குஞ்சு எடுக்க வேண்டாம். வேகமாக வளர்ந்த, முதுகு தடித்த இருபது மீன்களை மட்டும் ஒதுக்கி, ஆளிவிதையோடு வாரம் இரண்டு முறை மண்புழுவும், கிடைத்தால் புதிய சிறுமீன் தூளும் கொடுத்து வளர்த்து, வரும் பங்குனியை விட்டு, அதற்கடுத்த பங்குனியில் முயலுங்கள். இவ்வாண்டுக்கு வேண்டிய விரலிகளை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்.


குந்தாக்கரை – பதில்

தங்கை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த இருபதையும் பிரிப்பதற்கு இப்போது வலை போட வேண்டாம். ஈரல் கெட்ட மீனுக்குக் குளிரில் வலை படுவது பெரிய அதிர்ச்சி. மாசிக் கடைசியில், தீவனத் தட்டுக்குத் தானாக வந்து மொய்க்கத் தொடங்கிய பிறகு, தட்டின் கீழேயே சின்ன வலையை விரித்து வைத்துத் தூக்குங்கள். கையை ஈரமாக்கிக்கொண்டு, ஒரு மீனை எடுத்து வால் துடுப்பின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் பிய்ந்து போகாமல் மெல்லிய தாள்போல் விரிந்திருந்தால் ஒதுக்குங்கள். நைந்திருந்தால் மறுபடியும் குட்டையில் விட்டுவிடுங்கள்.